கல்லீரல் நீர்க்கட்டி: ஊசி போடுவதற்கு முன்
மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் வயிற்று ஸ்கேன் அறிக்கைகளைப் பற்றி எழுதியபோது, கல்லீரல் நீர்க்கட்டிகளைக் குறித்து "பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தேன். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் அடங்காதவர்கள் எழுதிய கடிதங்களே இம்முறை அதிகமாக வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 46. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டதுபோல் இருக்கிறது. விலாவுக்குக் கீழே பாரமாகவும் இருக்கிறது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்ததில், கல்லீரலின் இடப்பக்கத்தில் 9 செ.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாகவும், அதற்குள் 'செப்டேஷன்' இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மருத்துவர், "சாதாரண நீர்க்கட்டிதான், ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர், "ஊசியே போடக்கூடாது, ஆபரேஷன்தான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கரூர்)

பதில்: இரண்டாமவர் சொல்வதன் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அவரும் ஒரு படியைத் தாண்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஊசியா கத்தியா என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்களுக்கு இருப்பது எந்தக் கட்டி என்பது தெரிய வேண்டும். நம் பேச்சில் 'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் நான்கைந்து வெவ்வேறு நோய்களை. பிறவியிலேயே பித்தநாளக் கிளையொன்று தனித்துப் போய், அதில் நீர் சேர்ந்து உண்டாகும் எளிய நீர்க்கட்டி. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டி. அமீபாவாலோ பாக்டீரியாவாலோ உண்டாகும் சீழ்க்கட்டி. இவற்றோடு அரிதாக, கல்லீரலில் தானே முளைத்து உள்ளே நீரைச் சுரந்துகொண்டு வளரும் உண்மையான கட்டி. ஸ்கேன் திரையில் முதல் பார்வைக்கு இவற்றில் பலவும் கறுப்பு வட்டமாகத்தான் தெரியும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் ஐயப்படுவது கடைசியாகச் சொன்ன வகையைத்தான். அதன் இன்றைய பெயர் 'மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்'. கோழை போன்ற நீரைச் சுரக்கும் கட்டி என்று பொருள். கல்லீரல் நீர்க்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துகூட இந்த வகையாக இருக்காது. ஆனால் அது வருபவர்களின் சாயல் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: பெண், நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், கட்டி ஒன்றே ஒன்று, பெரும்பாலும் கல்லீரலின் இடப்பக்கத்தில், அதிலும் குறிப்பாக நான்காம் பகுதி என்று நாங்கள் அழைக்கும் இடத்தில். உங்கள் கடிதத்தில் இவற்றில் பல இருக்கின்றன. மெதுவாக வளர்வதால் பல ஆண்டுகள் அது எந்தத் தொல்லையும் தராது. இரைப்பையை அழுத்தும் அளவுக்குப் பெருத்த பிறகுதான், நீங்கள் எழுதியிருப்பதுபோல, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு வரும்.

இனி அந்த 'செப்டேஷன்' என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு மாதுளம்பழத்தைப் பிளந்தால் முத்துகளுக்கு நடுவே மஞ்சள் நிறச் சவ்வுகள் அறை அறையாகப் பிரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டிக்குள் அப்படி ஓடும் தடுப்புச் சவ்வைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. எளிய நீர்க்கட்டி ஒரே அறையாக, காகிதம்போன்ற மெல்லிய சுவரோடு இருக்கும். ஆனாலும் தடுப்பு இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எளிய கட்டிகளுக்கு நடுவிலுள்ள சுவரும் தடுப்பாகத் தெரியும். அப்போது தடுப்பு தொடங்கும் இடத்தில் வெளிச்சுவர் உட்குழிந்திருக்கும். வழவழப்பான, குழிவில்லாத சுவரிலிருந்து தடுப்பு கிளம்பினால்தான் ஐயம் வலுக்கிறது. எளிய கட்டிக்குள் எப்போதாவது இரத்தம் கசிந்து உறைந்தாலும் அந்த உறைவின் இழைகள் தடுப்புகளாகவே காட்சி தரும். இந்த வேறுபாட்டைக் கண்டறிய, மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். உயிருள்ள தடுப்பிலும், சுவரில் புடைத்திருக்கும் சதை முடிச்சிலும் இரத்த ஓட்டம் இருப்பதால் மருந்து அங்கே போய் ஒளிரும். உறைந்த இரத்தத்தில் ஒளிராது.

ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இதை ஒரு கணக்காகவே தருகிறது. தடித்த தடுப்புகள், சுவரில் முடிச்சு ஆகிய இரண்டும் முதன்மை அடையாளங்கள். பித்தம் கட்டியை நோக்கி வரும் பக்கத்தில் பித்தநாளம் விரிந்திருத்தல், மெல்லிய தடுப்புகள், உள்ளே இரத்தக்கசிவு, கட்டிகளின் எண்ணிக்கை மூன்றுக்கும் குறைவாக இருத்தல் போன்றவை துணை அடையாளங்கள். முதன்மையில் ஒன்றும் துணையில் ஒன்றும் சேர்ந்தால் அந்தக் கட்டியை ஐயத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும். உங்கள் அறிக்கையில் தடுப்பு தடித்ததா மெல்லியதா என்று எழுதவில்லை. முடிச்சு பற்றியும் ஒரு சொல் இல்லை. கடைசி வரியில் "மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதி முடிக்கும் நேரத்தில் தடுப்பின் தடிமனை எழுதியிருக்கலாம் என்பது நாற்பது ஆண்டுகளாக எனக்கிருக்கும் குறை.

ஊசி ஏன் வேண்டாம் என்கிறேன்? எடுத்த நீரைப் பரிசோதித்தால் புற்றுநோய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அந்த நீரில் உயிரணுக்கள் மிகக் குறைவாகவே உதிர்ந்திருக்கும். ஆகவே "புற்றணு இல்லை" என்று வரும் அறிக்கைக்கு மதிப்பு அதிகமில்லை. மாறாக, ஒருவேளை உள்ளே புற்றுத் தன்மை இருந்தால், ஊசித் துளை வழியாக அது வயிற்று அறைக்குள் சிந்தக்கூடும். நீரை எடுத்தாலும் சுரக்கும் சுவர் உள்ளேயே இருப்பதால் கட்டி சில மாதங்களில் மறுபடி நிரம்பிவிடும். கிணற்றில் ஊற்று இருக்கும்வரை இறைத்து வற்ற வைக்க முடியுமா?

ஆகவே முதலில் மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ., கூடவே பித்தநாளங்களை மட்டும் தனியே படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டியின் உட்தடுப்புகளைக் காட்டுவதில் சி.டி. ஸ்கேனைவிட அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் மேலானவை. பிறகு படங்களோடு கல்லீரல் அறுவைச் சிகிச்சையில் பழக்கமுள்ள ஒருவரைப் பாருங்கள். நாளையே ஓட வேண்டிய அவசரம் இல்லை. அதற்காக அடுத்த பொங்கல் வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் என் கல்லீரலில் மூன்று நீர்க்கட்டிகள் இருப்பதாகவும், பெரியது 4 செ.மீ. என்றும் சொன்னார்கள். "எளிய கட்டி" என்றே அறிக்கையில் இருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இருந்தாலும் இரண்டு ஆண்டுகளாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து வருகிறேன். வயது 58. (வாசகர், சேலம்)

பதில்: நிறுத்திவிடுங்கள். மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்பில்லை, முடிச்சில்லை, உடலில் தொந்தரவும் இல்லை என்றால் அந்தக் கட்டிகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து கண்காணிக்க வேண்டியதே இல்லை. வயது ஏற ஏற இவை பலருக்கும் வரும், புற்றாக மாறுவதில்லை. எண்ணிக்கை மூன்று என்பது உங்களுக்கு அச்சம் தரலாம். மேலே கரூர் வாசகிக்குச் சொன்னதைப் படித்தால், தனியாக இருக்கும் ஒரு கட்டியைவிடப் பல கட்டிகள் இருப்பதே நிம்மதி தரும் செய்தி என்பது புரியும். பிற்காலத்தில் வயிறு அழுத்தினாலோ வலித்தாலோ மட்டும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கல்லீரல் கட்டியில் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடி நிறைந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் லேப்பராஸ்கோப்பி வழியாகக் கட்டியின் மேல்சுவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். "இனி வராது" என்றார்கள். இப்போது மூன்றாம் முறையாக வந்து, கூடவே கண்ணும் மஞ்சளாகிவிட்டது. யார் செய்தது தவறு? இனி என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: தவறு யாருடையது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்வது முறையாகாது. மேல்சுவரை வெட்டித் திறந்துவிடுவது எளிய நீர்க்கட்டிக்கு நல்ல சிகிச்சைதான். திறந்த வாய் வழியாக வடியும் நீரை வயிற்றறையின் உட்சவ்வு உறிஞ்சிக்கொள்ளும். அதே சிகிச்சையைக் கோழை சுரக்கும் கட்டிக்குச் செய்தால் சுவரின் பெரும்பகுதி கல்லீரலுக்குள்ளேயே தங்கி, மறுபடியும் சுரந்து, மறுபடியும் பையாகும். அம்மாவின் கதையில் இரண்டு முறை நடந்திருப்பது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முறையாகச் சிகிச்சை செய்த பிறகும் ஒரு 'நீர்க்கட்டி' திரும்பி வருகிறதென்றால், முதலில் வைத்த பெயர் சரிதானா என்று கேட்க வேண்டும்.

இதே வரலாற்றோடு என்னிடம் வந்த ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். மஞ்சள் துணிப்பையில் மூன்று வெவ்வேறு ஊர்களில் எடுத்த மூன்று படங்களைச் சுருட்டி வைத்திருந்தார். அவற்றைத் தனித்தனியே பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் எளிய கட்டி என்றே எழுதியிருந்தார்கள். விளக்குப் பெட்டியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோதுதான், மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், நாமம் இட்டதுபோல ஒரு வெண்கோடு ஓடுவது தெரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோடு தடித்துக்கொண்டே வந்திருந்தது. அறுவையில் கட்டியை முழுதாக எடுத்து, தட்டில் வைத்துத் திறந்தபோது வெளிவந்தது நீரல்ல. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியோடு இழுபடுமே, அந்தக் கொழகொழப்பு. புற்று இல்லை. அவர் அதன் பிறகு நலமாகவே இருக்கிறார். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்தத் துணிப்பைதான் காரணம்.

இப்போது அம்மாவுக்குச் செய்ய வேண்டியது. கண் மஞ்சளானது, கட்டி பித்தநாளத்தை அழுத்துவதாலோ, கட்டியின் கோழையோ சதைப்பகுதியோ நாளத்துக்குள் புகுந்து அடைப்பதாலோ இருக்கலாம். எம்.ஆர்.சி.பி. இதைக் காட்டிவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இருந்தால், அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனையில் சேருங்கள். எண்டோஸ்கோப்பி வழியாக ஒரு குழாய் வைத்துப் பித்தத்தை வடியவிட்டு, உடல் தேறிய பிறகு, கட்டியை அதன் சுவரோடு முழுமையாக அகற்றும் அறுவையைத் திட்டமிடுவார்கள். மூன்றாம் முறை என்பதால் உள்ளே ஒட்டுதல்கள் இருக்கும், முதல் முறையைவிடக் கடினமாகவும் இருக்கும். இத்தகைய அறுவைகளை வழக்கமாகச் செய்யும் இடத்துக்கே போவது நல்லது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெட்டிய மேல்சுவரைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று விசாரியுங்கள். அனுப்பியிருந்தால், மெழுகில் பதித்த அந்தத் திசுத் துண்டைப் பரிசோதனைக் கூடங்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். "எளிய கட்டியின் சுவர்" என்று அதில் எழுதியிருந்தாலும் நம்பிவிட வேண்டாம், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டியின் உட்சுவரில் பல இடங்களில் மேல்படலம் உரிந்துபோயிருக்கும்; சிறிய துண்டு ஒன்றில் முக்கியமான அடையாளம் விடுபட்டுப் போவது அரிதல்ல.

கேள்வி: மேற்கண்ட மஞ்சள் காமாலை போன்ற நிலையில் கீழாநெல்லி கொடுத்தால் கட்டி கரையுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கடிதம் வேறொரு நோயாளியைப் பற்றியது, நிலைமை ஒன்றுபோல இருப்பதால் தலைப்பை மாற்றி இங்கே சேர்த்திருக்கிறேன். கரையாது. வைரஸால் வரும் காமாலையில் கீழாநெல்லி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தக் காமாலையில் பெரும்பாலானவை தாமாகவே தணியும். கட்டியால் பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலை அப்படிப்பட்டதல்ல. மலம் வெளுத்து, உடலெல்லாம் அரித்து, சிறுநீர் கறுத்துப் போனால் அது அடைப்புக் காமாலையாக இருக்கலாம். அதைப் பத்தியம் இருந்து கடக்க முயன்று இரண்டு வாரம் இழந்தவர்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆடு வளர்ப்பவர்கள். வீட்டில் மூன்று நாய்கள். என் மனைவிக்குக் கல்லீரலில் தடுப்புகள் உள்ள கட்டி இருக்கிறது. நாயால் வந்த கட்டியாக இருக்கும் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? (வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: ஆடும் நாயும் இருக்கும் வீட்டில் தடுப்புள்ள கட்டியைக் கண்டால் ஹைடாடிட் கட்டியை முதலில் நினைப்பதுதான் முறை. எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் மேய்ச்சல் நிலத்தின் வழியாக ஆட்டுக்குள் போய்க் கட்டியாகின்றன; அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடும்போது சுழற்சி முழுமையடைகிறது. மனிதன் இதில் இடையில் அகப்பட்டுக்கொள்பவன். முட்டை ஒட்டிய கையோ கழுவாத கீரையோ வழியாக முட்டை உடலுக்குள் போய்விட்டால் ஆட்டுக்கு வருவதுபோல நமக்கும் கட்டி வரும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவாது. ஆகவே மனைவியிடமிருந்து உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ ஒட்டாது. ஆனால் அதே நாய்களோடு நீங்களும் வாழ்வதால், ஒருமுறை எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நாய்களுக்குக் கால்நடை மருத்துவரிடம் பிராசிகுவான்டெல் மாத்திரை வாங்கிக் கொடுங்கள். பச்சை ஈரலை அவற்றுக்குப் போடுவதை நிறுத்துங்கள்.

ஸ்கேனில் இந்தக் கட்டிக்கென்று சில முகங்கள் உண்டு. பெரிய கட்டிக்குள் சின்னச் சின்ன உருண்டைக் கட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு தேனடைபோல் இருக்கும். அந்த உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் கோடுகள்தான் தடுப்புகளாகத் தெரிகின்றன. சில நேரம் உட்சவ்வு கழன்று, குளத்தில் அல்லி இலை மிதப்பதுபோல் நீரில் மிதக்கும். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் எலிசா சோதனையும் உதவும். அது எதிர்மறையாக வந்துவிட்டால் நோய் இல்லவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இங்கேயும் ஊசியைப் பற்றி ஒரு சொல். முன்னேற்பாடு இல்லாமல் யாராவது இந்தக் கட்டியில் ஊசி போட்டால், உள்ளிருக்கும் நீர் கசிந்து கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். சிந்திய இடமெல்லாம் புதிய கட்டிகள் முளைக்கலாம். அல்பென்டசோல் மாத்திரை கொடுத்துத் தயார் செய்தபின், ஊசியால் நீரை உறிஞ்சி, புழுவைக் கொல்லும் மருந்தைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சி எடுக்கும் 'பேர்' (PAIR) என்ற முறை இருக்கிறது. ஒற்றை அறையாக உள்ள கட்டிகளுக்கு அது ஏற்றது. உங்கள் மனைவியுடையதுபோல் அறைகள் நிறைந்தவற்றுக்கு அறுவையே பெரும்பாலும் தேவைப்படும். எலிசா எதிர்மறையாக இருந்து, கட்டியும் தேனடை அமைப்பில் இல்லையென்றால், கரூர் வாசகிக்கு எழுதியதை உங்களுக்கும் எழுதியதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டி இருப்பது தெரிந்ததும் சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனை எடுத்தோம். 37க்குள் இருக்க வேண்டியது 212 என்று வந்திருக்கிறது. வீட்டில் அழுகை ஓயவில்லை. (வாசகி, சென்னை)

பதில்: அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். சி.ஏ. 19-9 என்பது சில புற்றுகளில் இரத்தத்தில் உயரும் ஒரு பொருள். ஆனால் பித்தநாளத்தின் இயல்பான உட்படலமும் அதைச் சுரக்கிறது. எளிய நீர்க்கட்டியின் சுவரும் அதே படலத்தால் ஆனதுதான் என்பதால், முற்றிலும் தீங்கற்ற கட்டியிலும் இந்த எண் உயரலாம். கட்டிக்குள் இருக்கும் நீரில் எடுத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். பித்தநாளத்தில் அடைப்போ வீக்கமோ இருந்தாலும் உயரும். இன்னொரு பக்கம், பிறவி அமைப்பின் காரணமாக இந்தப் பொருளை உற்பத்தியே செய்யாத உடல்களும் உண்டு. அவர்களுக்குப் புற்று முற்றிய நிலையிலும் இது உயராது. இந்த எண்ணை வைத்து நான் எந்தக் கட்டியையும் நல்லதென்றோ கெட்டதென்றோ பிரித்ததில்லை. உங்கள் கடிதத்தோடு ஸ்கேன் அறிக்கை இல்லை; அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கேள்வி: நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். பழைய அறிக்கைகளில் 'பைலரி சிஸ்டடினோமா' என்றிருக்கிறது. இப்போது 'மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? கல்லீரல் கட்டியில் 'ஓவேரியன் ஸ்ட்ரோமா' என்று எழுதுகிறார்களே, சினைப்பைக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இந்தக் கேள்வியை நான் மிகவும் விரும்பினேன். சிஸ்டடினோமா என்பது ஒரு பழைய கூடை. அதற்குள் இரண்டு வேறுபட்ட பண்டங்கள் கலந்து கிடந்தன. 1985இல் வீலர், எட்மன்ட்சன் என்ற இரு நோய்க்குறியியல் அறிஞர்கள் இத்தகைய 17 கட்டிகளை ஆராய்ந்து, உட்படலத்துக்கு அடியில் அடர்ந்த இணைப்புத் திசு உள்ளவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த 17இல் நான்கில் புற்று மாற்றம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இந்தக் கோட்டை உறுதியாக வரைந்தது: சினைப்பையில் காணப்படுவது போன்ற அந்த இணைப்புத் திசு இருந்தால்தான் மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம், அது இல்லாமல், பித்தநாளத்துக்குள் விரல் விரலாக வளர்ந்து, நாளத்தோடு தொடர்பும் கொண்டிருந்தால் அது வேறு நோய், நாளத்துக்குள் வளரும் பாப்பில்லரி கட்டி. இரண்டாம் வகை ஆண், பெண் இருவருக்கும் வரும். பித்தநாளக் கற்களோடும், கிழக்காசிய நாடுகளில் கல்லீரல் தட்டைப்புழுவோடும் தொடர்புடையது. புற்றாகும் வேகமும் அதற்கே அதிகம். முந்தைய காலக் கட்டுரைகளில் சிஸ்டடினோமாவில் மூன்றில் ஒன்று புற்றாகும் என்பது போன்ற கணக்குகளைக் கண்டு நோயாளிகள் மிரள்வதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். பிரித்து எண்ணத் தொடங்கிய பிறகு, உண்மையான மியூசினஸ் கட்டியில் ஊடுருவும் புற்று காணப்படுவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு.

சினைப்பைத் திசு கல்லீரலுக்கு எப்படி வந்தது என்பதற்கு, கருவின் தொடக்க வாரங்களில் சினைப்பை உருவாகும் முகடும் கல்லீரல் உருவாகும் இடமும் அருகருகே இருப்பதால், சில அணுக்கள் அங்கே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன என்பது பலரும் ஏற்கும் கருதுகோள். கணையத்தின் வால் பகுதியிலும் இதே கட்டி இதே வயதுப் பெண்களுக்கு வருவது அதற்கு வலு சேர்க்கிறது. இந்தத் திசுவில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் ஏற்கும் புரதங்கள் இருக்கின்றன. உங்கள் கூடத்தில் அவற்றுக்கான சாயமேற்றினால் உயிரணுக்களின் உட்கருக்கள் பழுப்பாகத் தெரிவதைப் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: கட்டி வந்தால் ஒரு துண்டு மட்டும் வெட்டி மெழுகில் வைத்துவிடாதீர்கள். முடிச்சுள்ள, தடித்த இடங்களையெல்லாம் எடுங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பேரனுக்கு வலப்பக்க வயிற்றில் வீக்கம், காய்ச்சல். சி.டி. ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் "திடக்கட்டி" என்கிறார்கள். எந்த இயந்திரம் பொய் சொல்கிறது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் பொய் சொல்லவில்லை, ஐயா. இந்த முரண்பாடே ஒரு துப்பு. குழந்தைகளில், சுமார் ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வரும் 'எம்ப்ரியோனல் சர்க்கோமா' என்னும் அரிய புற்றுக்கட்டி, தன் திசுவுக்குள் ஏராளமான நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீரின் காரணமாக சி.டி.யில் அது நீர்ப்பைபோல் கறுத்துத் தெரியும். ஒலி அலைகளால் பார்க்கும் அல்ட்ராசவுண்டிலோ திடமாகவே தெரியும். நீர்க்கட்டி, ஹைடாடிட் கட்டி என்று எண்ணி ஊசி போட்டுவிடும் ஆபத்து இதில் உண்டு. காய்ச்சல் இருப்பதால் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். நான் படத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆனால் காத்திருக்க வேண்டிய விஷயம் இதுவல்ல. இந்த வாரத்திலேயே குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைத் துறையும் புற்றுநோய்த் துறையும் சேர்ந்து இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கட்டி வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. முழு அறுவையையும் கீமோ மருந்துகளையும் இணைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பலர் பிழைத்து வளர்கிறார்கள்.

கேள்வி: எனக்கு மியூசினஸ் கட்டி என்று உறுதியாகிவிட்டது. கல்லீரலின் இடப்பாகத்தையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். மீதிக் கல்லீரலை வைத்து வாழ முடியுமா? பிறகு மருந்து உண்டா? வயது 39, சில ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை எடுத்து வருகிறேன். (வாசகி, புதுச்சேரி)

பதில்: வாழ முடியும், நன்றாகவே வாழலாம். கல்லீரல் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருப்பதை 1957இல் பிரெஞ்சு மருத்துவர் குய்னோ விளக்கினார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி இரத்தக் கிளையும் பித்தக் கிளையும் உண்டு என்பதால்தான், மற்றதைக் குலைக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க முடிகிறது. இடப்பாகம் என்பது இரண்டு, மூன்று, நான்காம் பகுதிகள். மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நோயற்ற கல்லீரல் எழுபது விழுக்காடு வரை இழந்தாலும் தாங்கும். எஞ்சியது சில வாரங்களிலேயே பெருக்கத் தொடங்கி, சில மாதங்களில் இழந்த எடையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். வெட்டிய பாகம் பழைய வடிவில் முளைக்காது, இருக்கும் பாகமே பெருக்கும். கட்டி கல்லீரலின் ஓரத்தில் இருந்து, அதன் உறையைச் சுற்றிப் பிரித்தெடுக்க இடம் இருந்தால், கல்லீரலை அதிகம் வெட்டாமல் கட்டியை மட்டும் முழுதாக உரித்தெடுப்பதும் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். புற்று ஐயம் இருந்தால் அவர் மறுப்பார், மறுப்பதே சரி.

அறுவைக்குப் பின் இரண்டு கவலைகள்: இரத்தக்கசிவு, வெட்டிய முகத்திலிருந்து பித்தம் ஒழுகுதல். வயிற்றில் வைத்திருக்கும் வடிகுழாயில் பச்சையோ மஞ்சளோ கலந்து வந்தால் உடனே சொல்லுங்கள். பெரும்பாலும் அது சில நாளில் தானே நின்றுவிடும். கருத்தடை மாத்திரையால்தான் கட்டி வந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்தத் திசு ஈஸ்ட்ரோஜனை ஏற்பதால், அறுவை முடியும்வரை அதை நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாறும்படி நான் சொல்வது வழக்கம். மகப்பேறு மருத்துவரையும் கலந்துகொள்ளுங்கள்.

பயாப்சியில் புற்று இல்லை என்று வந்து, கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் அதன் பிறகு மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை. திரும்பி வருவது அரிது. ஆறு மாதம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஊடுருவும் புற்று இருந்தால் பித்தநாளப் புற்றுநோய்க்கு உரிய தொடர் கண்காணிப்பு தேவைப்படும்; கீமோ வேண்டுமா என்பதை எடுத்த கட்டியின் விளிம்புகளைப் பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலோடு எழுதுங்கள்.